விளக்கம்: தோரிய மின்சாரத் திட்டத்தின் பின்னால் ஒரு நியூட்ரான் கணக்கு, கணினி சொல்வதும் கருவி அளப்பதும் ஒத்துப்போகின்றனவா?

கேரளத்தின் சவரா, கன்னியாகுமரி மாவட்டத்தின் மணவாளக்குறிச்சி, ஒடிசா, ஆந்திரக் கடலோரங்கள் எனப் பல இடங்களின் கடற்கரை மணலில் ஒரு கோடி டன்னுக்கும் அதிகமான மோனசைட் கனிமம் உள்ளது. அதில் அடங்கியுள்ள தோரியத்திலிருந்து மின்சாரம் எடுப்பது இந்திய அணுசக்தித் துறையின் நீண்டகாலத் திட்டமாகும்.

அதற்கெனப் பரிசீலிக்கப்படும் வழிகளில் ஒன்று, துகள் முடுக்கியையும் அணு உலையையும் ஒன்றாக இணைக்கும் ‘முடுக்கியால் இயங்கும் உலை’. இதில் அதிவேகப் புரோட்டான்கள் ஈயம் போன்ற கன உலோக இலக்கின் மீது மோதவிடப்படுகின்றன. அங்கிருந்து தெறிக்கும் நியூட்ரான்களே உலையை இயக்குகின்றன.

எத்தனை நியூட்ரான்கள் வெளிவரும், அவை ஒவ்வொன்றும் எவ்வளவு ஆற்றலுடன் வரும் என்பதைக் கணினி மென்பொருள்களே முன்கூட்டிக் கணித்துத் தருகின்றன. உலையின் திறன், கவசச் சுவரின் தடிமன், உலோகக் கலனின் ஆயுள் ஆகிய அனைத்தும் அந்தக் கணிப்பின் மீதே வடிவமைக்கப்படுகின்றன. எனவே கணிப்பை ஆய்வக அளவீட்டுடன் ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, கட்டுமானத்துக்கு முன் செய்தே ஆக வேண்டிய பணியாகக் கருதப்படுகிறது.

கடந்த சில பத்தாண்டுகளில் பல நாடுகளில் நடந்த இந்த ஒப்பீடுகள் ஒரு முக்கியப் பாடத்தைத் தந்துள்ளன. நியூட்ரான்களின் மொத்த எண்ணிக்கை ஒத்துப்போனாலும், அவற்றின் ஆற்றல் பங்கீடு ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்பதே அது.

புரோட்டான் மோதினால் என்ன நடக்கிறது?

யுரேனியம் அணுக்கரு பிளவுபடும்போது சராசரியாக இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிவருகின்றன. ஆனால் சுமார் 1,000 மெகா எலக்ட்ரான்வோல்ட், அதாவது ஒரு கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் கொண்ட ஒரு புரோட்டான், தடித்த கன உலோக இலக்கில் பாயும்போது 20 முதல் 30 வரையிலான நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன.

இவ்வினைக்கு ‘ஸ்பாலேஷன்’ என்று பெயர். உளி பட்ட கல்லிலிருந்து சில்லுகள் தெறிப்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

இவ்வினை இரண்டு கட்டங்களாக நிகழ்கிறது. முதல் கட்டத்தில், பாய்ந்துவரும் புரோட்டான் அணுக்கருவுக்குள் இருக்கும் புரோட்டான்கள், நியூட்ரான்களுடன் ஒவ்வொன்றாக மோதுகிறது. மோதப்பட்டவை மற்றவற்றின் மீது மோதுகின்றன. கேரம் பலகையில் அடிபட்ட காய் மற்றக் காய்களைச் சிதறடிப்பதற்கு இதனை ஒப்பிடலாம். இந்த ‘அடுக்கு மோதல்’ கட்டத்தில் வெளியேறும் நியூட்ரான்கள் அதிக ஆற்றல் கொண்டவை. அவை பெரும்பாலும் புரோட்டான் பாய்ந்த திசையிலேயே முன்னோக்கிச் செல்கின்றன. சிலவற்றின் ஆற்றல் புரோட்டானின் ஆற்றலை நெருங்கும்.

இரண்டாவது கட்டத்தில், மோதலில் சூடேறிய அணுக்கரு தன்னிடம் எஞ்சியுள்ள ஆற்றலை மெல்ல வெளியேற்றுகிறது. கொதிநீரிலிருந்து ஆவி கிளம்புவதைப் போல நியூட்ரான்கள் எல்லாத் திசைகளிலும் கிளம்புகின்றன. இதற்கு ‘ஆவியாதல்’ கட்டம் என்று பெயர். இவற்றின் ஆற்றல் பெரும்பாலும் சில மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவிலேயே இருக்கும்.

தடித்த ஈய இலக்கிலிருந்து வெளிவரும் நியூட்ரான்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு 20 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் குறைவான ஆற்றல் கொண்டவை. எஞ்சிய ஒரு பங்கு அதற்கு மேல் பல நூறு மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை நீள்கிறது. எந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரான்கள் என்று காட்டும் வரைபடமே ‘நியூட்ரான் நிறமாலை’ எனப்படுகிறது.

உலைக்கு இக்கணக்கு ஏன் முக்கியம்?

தோரியம் தானாக அணு உலை எரிபொருள் ஆகிவிடாது. அது ஒரு நியூட்ரானை உட்கொண்டு, இடையில் புரோட்டாக்டினியமாக மாறி, பின்னரே பிளவுபடக்கூடிய யுரேனியம்-233 ஆக மாறுகிறது. ஆகவே தோரியத்தைப் பயன்படுத்த நியூட்ரான்கள் தாராளமாகத் தேவை. நீண்டகாலம் கதிர்வீச்சு வெளியிடும் அமெரிசியம், நெப்டியூனியம் போன்ற கழிவுகளை எரித்துக் குறைக்கவும் வேகமான நியூட்ரான்கள் வேண்டும்.

வழக்கமான அணு உலையில் தொடர்வினை தன்னைத்தானே தாங்கிக்கொள்கிறது. முடுக்கியால் இயங்கும் உலையிலோ தொடர்வினை தானாக நீடிக்காத அளவுக்கே எரிபொருள் வைக்கப்படுகிறது. வெளியிலிருந்து நியூட்ரான்கள் வந்துகொண்டே இருந்தால்தான் உலை இயங்கும். முடுக்கியை நிறுத்தினால் தொடர்வினை அடங்கிவிடும். இதுவே இவ்வகை உலையின் முக்கியப் பாதுகாப்பு அம்சமாக முன்வைக்கப்படுகிறது.

ஒரு தலைமுறை நியூட்ரான்கள் அடுத்த தலைமுறையில் எத்தனையாக எஞ்சுகின்றன என்பதைக் காட்டும் எண்ணுக்குப் பெருக்கக் காரணி என்று பெயர். அது 0.95 என்றால், இலக்கிலிருந்து வரும் ஒவ்வொரு நியூட்ரானும் தன் வழித்தோன்றல்களையும் சேர்த்து மொத்தம் 20 நியூட்ரான்களாகும்.

எளிய கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஒரு கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலும் 10 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் கொண்ட புரோட்டான் கற்றையின் திறன் 10 மெகாவாட். ஒரு புரோட்டானுக்கு 25 நியூட்ரான்கள், பெருக்கக் காரணி 0.95 என்று வைத்துக்கொண்டால், உலையில் ஏறத்தாழ 380 மெகாவாட் வெப்பத் திறன் கிடைக்கும். இலக்கிலிருந்து உண்மையில் வரும் நியூட்ரான்கள் கணித்ததைவிட 10 சதவீதம் குறைவாக இருந்தால், அது சுமார் 340 மெகாவாட்டாகக் குறையும். இழந்ததை ஈடுகட்ட முடுக்கியின் மின்னோட்டத்தை ஒன்பதில் ஒரு பங்கு கூட்ட வேண்டியிருக்கும். உயர்திறன் முடுக்கிகளின் செலவைக் கருதினால் இது சிறிய விஷயமல்ல.

இது மொத்த எண்ணிக்கையில் ஏற்படும் பிழையின் விளைவு மட்டுமே. நிறமாலையின் வடிவத்தில் ஏற்படும் பிழை வேறு விதமான சிக்கல்களை உண்டாக்குகிறது.

கணினி எவ்வாறு கணிக்கிறது?

கணிப்புக்குப் பயன்படுவது ‘மான்டே கார்லோ’ முறை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் உருவான இம்முறையில், கணினி ஒவ்வொரு துகளின் பயணத்தையும் தாயக்கட்டை உருட்டுவதுபோல் தற்செயல் எண்களைக் கொண்டு தீர்மானிக்கிறது. துகள் எங்கே மோதும், எத்திசையில் சிதறும், எத்தனை புதிய துகள்கள் பிறக்கும் என்று பல லட்சம் முறை கணக்கிட்டு, இறுதியில் சராசரி எடுக்கிறது.

லாஸ் அலமோஸில் உருவான எம்சிஎன்பிஎக்ஸ், ஐரோப்பிய ஆய்வாளர்களின் ஃப்ளூக்கா, பன்னாட்டுக் கூட்டமைப்பின் ஜியன்ட்-4, ஜப்பானின் ஃபிட்ஸ் ஆகியவை இத்துறையில் பரவலாகப் பயன்படும் மென்பொருள்கள்.

இவற்றுக்குள் இரண்டு வகை அறிவு சேர்ந்து இயங்குகிறது. குறைந்த ஆற்றல் பகுதியில், பொதுவாக 20 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரையிலும், சில தனிமங்களுக்கு 150 வரையிலும், ஏற்கெனவே சோதனைகளின் துணையுடன் தொகுக்கப்பட்ட அணுக்கருத் தரவு அட்டவணைகள் பயன்படுகின்றன. அதற்கு மேல் இயற்பியல் மாதிரிகளே கைகொடுக்க வேண்டும்.

அடுக்கு மோதல் மாதிரியின் அடிப்படையை 1947-இல் ராபர்ட் செர்பர் முன்வைத்தார். ஆவியாதல் கட்டத்துக்கான கோட்பாட்டை அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1937-இல் விக்டர் வைஸ்காஃப் வகுத்திருந்தார். பிற்காலத்தில் வந்த பெர்ட்டினி, ஐசபெல், ஐஎன்சிஎல் முதலிய மாதிரிகள் அனைத்தும் இந்த அடித்தளத்தின் மீது எழுந்தவையே.

அதிவேகப் புரோட்டான் அணுக்கருவை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை, அதற்குள் இருக்கும் துகள்களைத் தனித்தனியாகவே சந்திக்கிறது என்பது செர்பரின் கருத்து. ஒரு கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் இது நன்கு பொருந்தும். ஆற்றல் குறையக் குறைய இந்த அனுமானம் வலுவிழக்கிறது. அடுக்கு மோதல் முடிந்து ஆவியாதல் தொடங்கும் இடைப்பட்ட தருணத்தை எவ்வாறு கையாள்வது என்பதிலும் மாதிரிகளுக்கிடையே வேறுபாடு உண்டு. 20 முதல் 100 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரையிலான இடைநிலைப் பகுதியில், குறிப்பாகப் பின்னோக்கிச் செல்லும் நியூட்ரான்களில், கணிப்புகள் முரண்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

கணினியை நீண்ட நேரம் இயக்கி இதனைச் சரிசெய்துவிட முடியாது. துகள்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் புள்ளியியல் பிழை பாதியாகும். ஆனால் மாதிரியிலேயே உள்ள பிழை அப்படியே இருக்கும்.

நியூட்ரானின் ஆற்றலை அளப்பது எப்படி?

நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை. அதனால் அதனைக் காந்தத்தால் வளைத்து ஆற்றலை நேரடியாக அறிய இயலாது. அதன் பயண நேரத்தை அளப்பதே பரவலான வழி.

புரோட்டான் இலக்கைத் தொடும் கணத்தில் கடிகாரம் தொடங்குகிறது. பல மீட்டர் தொலைவில் உள்ள உணர்கருவியை நியூட்ரான் அடையும்போது நிற்கிறது. தொலைவை நேரத்தால் வகுத்தால் வேகம், வேகத்திலிருந்து ஆற்றல் கிடைத்துவிடும்.

பத்து மீட்டர் தொலைவை 1 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான் சுமார் 720 நானோ நொடிகளில் கடக்கும். 10 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரானுக்குச் சுமார் 230 நானோ நொடிகள் போதும். 100 மெகா எலக்ட்ரான்வோல்ட் என்றால் 78 நானோ நொடிகள். இதுவரை சிக்கல் இல்லை.

ஆனால் 600 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான் அதே தொலைவைச் சுமார் 42 நானோ நொடிகளிலும், 800 மெகா எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரான் சுமார் 40 நானோ நொடிகளிலும் கடந்துவிடும். ஒளியின் வேகத்தை நெருங்கும்போது, ஆற்றல் எவ்வளவு கூடினாலும் வேகம் அதிகம் கூடாது. 200 மெகா எலக்ட்ரான்வோல்ட் வேறுபாடு இரண்டரை நானோ நொடிக்குள் அடங்கிவிடுகிறது. கடிகாரத்தில் ஒரு நானோ நொடி பிசகினாலும் நிறமாலையின் மேல்முனை மங்கிப்போகும்.

பிரான்ஸின் சாக்லே நகரில் இயங்கிய சாட்டர்ன் முடுக்கியில் இதற்கு மாற்றுவழி கையாளப்பட்டது. அதிக ஆற்றல் நியூட்ரான்களைத் திரவ ஹைட்ரஜன் மீது மோதவிட்டு, அங்கிருந்து உதைத்துத் தள்ளப்படும் புரோட்டான்களைக் காந்த நிறமாலைமானியால் அளந்தனர். குறைந்த ஆற்றலுக்குப் பயண நேர முறை, உயர்ந்த ஆற்றலுக்குக் காந்த முறை என இரண்டையும் இணைத்து, இரண்டும் சந்திக்கும் பகுதியில் முடிவுகள் ஒத்துப்போகின்றனவா என்றும் சரிபார்த்தனர்.

தங்கத் தகடு தரும் சாட்சியம்

உலையைப் போன்ற அடர்ந்த அமைப்புக்குள் பத்து மீட்டர் இடைவெளிக்கு வழியில்லை. அங்கே மெல்லிய உலோகத் தகடுகள் பயன்படுகின்றன.

தங்கம் இதற்கு நல்ல உதாரணம். மெதுவான நியூட்ரானை உட்கொண்டால் அது தங்கம்-198 ஆகிறது. சுமார் 8 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட நியூட்ரான் தாக்கினால் இரண்டு நியூட்ரான்களை வெளியேற்றி தங்கம்-196 ஆகிறது. ஆற்றல் 23 மெகா எலக்ட்ரான்வோல்ட்டைத் தாண்டினால் தங்கம்-194 உருவாக வாய்ப்புண்டு. ஒவ்வொன்றும் தனக்கே உரிய காமா கதிர்களை வெளியிடுவதால், எந்தெந்த ஆற்றலில் எத்தனை நியூட்ரான்கள் வந்தன என்பதற்கு ஒரே தகடு பல சாட்சியங்களைத் தருகிறது. பிஸ்மத், அலுமினியத் தகடுகளும் இவ்வாறே பயன்படுகின்றன.

இம்முறையில் ஒரு பொறி மறைந்துள்ளது. தகடு தருவது சில எண்களை மட்டுமே. நிறமாலையோ நூற்றுக்கணக்கான புள்ளிகள் கொண்ட வளைகோடு. சில எண்களிலிருந்து முழு வளைகோட்டை மீட்டெடுக்க, தொடக்கத்தில் ஓர் உத்தேச வடிவத்தைக் கொடுக்க வேண்டும். அந்த உத்தேச வடிவம் பெரும்பாலும் கணினிக் கணிப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது.

அப்படியானால் ‘அளக்கப்பட்ட நிறமாலை’ என்று வெளியிடப்படும் வளைகோட்டிலேயே கணிப்பின் சாயல் படிந்துவிடுகிறது. பிறகு அதனைக் கணிப்புடன் ஒப்பிட்டு ‘ஒத்துப்போகிறது’ என்று சொல்வது, மாணவர் எழுதிய விடையை அவர் கொடுத்த விடைக்குறிப்பை வைத்தே திருத்துவதற்கு ஒப்பாகும். எனவே மீட்டெடுத்த வளைகோட்டைவிட, ஒவ்வொரு தகட்டிலும் உருவான கதிரியக்க அணுக்களின் எண்ணிக்கையைக் கணினியிடம் நேரடியாகக் கணிக்கச் சொல்லி ஒப்பிடுவதே நேர்மையான சோதனையாகக் கருதப்படுகிறது.

மொத்தம் ஒத்துப்போனால் போதாதா?

கணித்த மதிப்பை அளந்த மதிப்பால் வகுத்துக் கிடைக்கும் விகிதமே இத்துறையின் பொதுவான மதிப்பெண். விகிதம் 1 என்றால் கணிப்பு துல்லியமானது. 1-க்குக் கீழே என்றால் கணிப்பு குறைவு, மேலே என்றால் அதிகம்.

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அளவீட்டில் 100 நியூட்ரான்கள் கிடைத்தன. அவற்றில் 90 நியூட்ரான்கள் 20 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்குக் கீழ். 10 அதற்கு மேல். கணிப்பிலும் 100 நியூட்ரான்கள்தான். ஆனால் 94 கீழே, 6 மேலே. மொத்தத்தின் விகிதம் சரியாக 1. கீழ்ப்பகுதியின் விகிதம் 1.04, அதுவும் நன்றே. மேல்பகுதியின் விகிதமோ வெறும் 0.6.

உலையின் வெப்பத் திறனை மட்டும் கணக்கிடுபவருக்கு இப்பிழை பெரிதாகத் தெரியாது. கவசச் சுவரை வடிவமைக்கும் பொறியாளருக்கு அது அபாயகரமானது. ஆவியாதல் நியூட்ரான்களைக் கான்கிரீட் எளிதில் தடுத்துவிடும். பல மீட்டர் கான்கிரீட்டையும் இரும்பையும் ஊடுருவி வருபவை 100 மெகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட நியூட்ரான்களே. தடித்த சுவருக்கு அப்பால் பணியாளர் பெறும் கதிர்வீச்சு அளவைப் பெரும்பாலும் அந்தச் சிறுபான்மையே தீர்மானிக்கிறது.

உலோகக் கலன்களுக்கும் இதே நிலைதான். அதிக ஆற்றல் துகள்கள் எஃகில் ஹைட்ரஜன், ஹீலியம் வாயுக்களை உருவாக்குகின்றன. வாயு சேரச் சேர எஃகு நொறுங்கும் தன்மை பெறுகிறது. முடுக்கிக் குழாயையும் இலக்கையும் பிரிக்கும் மெல்லிய உலோகச் சாளரத்தை எப்போது மாற்ற வேண்டும் என்பது இந்தக் கணக்கைச் சார்ந்தது. நிறமாலையின் வால்பகுதி குறைத்து மதிப்பிடப்பட்டால், சாளரத்தின் ஆயுள் கூட்டி மதிப்பிடப்படும்.

உலகச் சோதனைகள் கண்டது என்ன?

1990-களில் இவ்வகை அளவீடுகள் வேகம் பெற்றன. ஜெனீவாவில் உள்ள சர்ன் ஆய்வகத்தில், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்லோ ரூபியா முன்வைத்த ‘ஆற்றல் பெருக்கி’ யோசனையைச் சோதிக்க 334 டன் தூய ஈயம் அடுக்கப்பட்டு, அதன் நடுவே புரோட்டான் கற்றை செலுத்தப்பட்டது. ஜப்பானின் சுகுபாவில் 0.8, 1.5, 3 கிகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல்களில் நியூட்ரான் நிறமாலைகள் அளக்கப்பட்டன. லாஸ் அலமோஸில் அதற்கு முன்பே 113 முதல் 800 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை அளவீடுகள் நடந்திருந்தன.

சாக்லேயில் அலுமினியம், இரும்பு, சிர்கோனியம், டங்ஸ்டன், ஈயம், தோரியம் ஆகிய இலக்குகளின் மீது 800, 1,200, 1,600 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான்கள் செலுத்தப்பட்டன. சாட்டர்ன் முடுக்கி 1997-இல் மூடப்பட்டது. அதன் அளவீடுகள் 2002-இல் விரிவாக வெளியாயின.

நெடுங்காலம் பயன்பாட்டில் இருந்த பெர்ட்டினி மாதிரி, முதல் கட்டத்துக்குப் பின் அணுக்கருவில் எஞ்சும் ஆற்றலை மிகைப்படுத்துவதாகவும், அதனால் ஈயத்திலிருந்து வரும் ஆவியாதல் நியூட்ரான்களைக் கூட்டிக் காட்டுவதாகவும் அந்த ஒப்பீட்டில் தெரியவந்தது. பெல்ஜியத்தின் லியேஜ், பிரான்ஸின் சாக்லே ஆய்வாளர்கள் இணைந்து உருவாக்கிய ஐஎன்சிஎல் மாதிரி அளவீட்டுக்கு நெருக்கமாக வந்தது. பிற்காலத்தில் முக்கிய மென்பொருள்களில் அம்மாதிரியும் சேர்க்கப்பட்டது. அளவீடு மென்பொருளைத் திருத்தியதற்கு இது தெளிவான சான்று.

2008-இல் இத்தாலியின் ட்ரியெஸ்டே நகரில் சர்வதேச அணுசக்தி முகமையின் முயற்சியில் ஸ்பாலேஷன் மாதிரிகளுக்கிடையே பொது ஒப்பீடு தொடங்கியது. அனைவருக்கும் ஒரே அளவீட்டுத் தொகுப்பு, ஒரே கேள்விகள். எல்லாப் பகுதிகளிலும் சிறந்தது என்று ஒரே மாதிரியைச் சுட்ட இயலவில்லை. நியூட்ரான் நிறமாலைகளைப் பெரும்பாலான மாதிரிகள் ஓரளவு நன்றாகவே காட்டின. எஞ்சிய அணுக்கருக்கள் எவை, எவ்வளவு வாயு உருவாகிறது என்பதில் வேறுபாடுகள் அதிகம் இருந்தன.

பிழை கணிப்பிலா, அளவீட்டிலா?

கணிப்பும் அளவீடும் முரண்பட்டால், தவறு கணினியுடையது என்று உடனே முடிவுகட்ட இயலாது.

ரஷ்யாவின் துப்னா நகரில் உள்ள கூட்டு அணு ஆய்வு நிறுவனத்தில், 8.4 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஈய இலக்கைச் சுற்றி 206 கிலோ இயற்கை யுரேனியத்தை அடுக்கி ‘ஆற்றலும் உருமாற்றமும்’ என்ற பெயரில் தொடர் சோதனைகள் நடந்தன. இந்திய ஆய்வாளர்களும் இவற்றில் பங்கேற்றனர். 0.7, 1 கிகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான்களுடன் நடந்த சோதனைகளில் தகட்டு அளவீடுகள் கணிப்புடன் பெரிதும் ஒத்தன. 1.5, 2 கிகா எலக்ட்ரான்வோல்ட் சோதனைகளில், இலக்கிலிருந்து விலகிச் செல்லச் செல்ல உயர் ஆற்றல் நியூட்ரான்களின் அளவீடு கணிப்பிலிருந்து விலகியது.

இத்தகைய விலகல்களில் முதலில் ஆராயப்படுவது புரோட்டான் கற்றையே. இலக்கின் மீது மொத்தம் எத்தனை புரோட்டான்கள் விழுந்தன என்ற எண்ணில் பிசகினால் எல்லா அளவீடுகளும் ஒரே விகிதத்தில் கூடும் அல்லது குறையும். கற்றை சில மில்லிமீட்டர் விலகி விழுந்தால் ஒரு பக்கத் தகடுகள் அதிகமாகவும் மறுபக்கத் தகடுகள் குறைவாகவும் காட்டும். சோதனைக்கூடச் சுவர்களில் பட்டுத் திரும்பும் நியூட்ரான்கள் குறைந்த ஆற்றல் பகுதியை உயர்த்திக் காட்டும். உணர்கருவியின் செயல்திறன் தவறாக மதிப்பிடப்பட்டிருக்கலாம். அதிக ஆற்றலில் தங்கம், பிஸ்மத் வினைகளின் வாய்ப்பளவே துல்லியமாக அறியப்படாமல் இருக்கலாம்.

ஒவ்வொரு பிழையும் நிறமாலையில் தனித்தனித் தடயத்தை விடுகிறது. எல்லா ஆற்றலிலும் ஒரே அளவு விலகல் என்றால் புரோட்டான் எண்ணிக்கையைச் சந்தேகிக்க வேண்டும். இடைநிலை ஆற்றலிலும் பின்னோக்கிய கோணங்களிலும் மட்டும் விலகல் என்றால், மாதிரியின் இடைக்கட்டத்தின் மீது சந்தேகம் வலுக்கும். மென்பொருள் அட்டவணையிலிருந்து மாதிரிக்குத் தாவும் ஆற்றலில் திடீர்ப் படிக்கட்டு தென்பட்டால், அது இயற்கையின் இயல்பல்ல. இரண்டு வகைத் தரவுகளைத் தைத்த தையலின் அடையாளம்.

மெல்லிய இலக்கும் தடித்த இலக்கும் தனித்தனியே சோதிக்கப்படுவதும் இதற்காகவே. மெல்லிய இலக்கில் புரோட்டான் பெரும்பாலும் ஒருமுறை மட்டுமே மோதும். அடிப்படை மாதிரி சரியா என்பதை அது காட்டும். தடித்த இலக்கில் பல மோதல்களின் விளைவுகள் கலந்துவிடும். அங்கே ஒரு பிழை மற்றொரு பிழையை ஈடுகட்டி, முடிவு தற்செயலாகச் சரியாக அமைந்துவிடக்கூடும்.

இந்தியாவின் நிலை என்ன?

மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் முடுக்கியால் இயங்கும் உலைக்கான பணிகளைப் படிப்படியாக மேற்கொண்டு வருகிறது. அங்குள்ள ‘லெஹிபா’ முடுக்கி, புரோட்டான்களை 20 மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை கொண்டுசெல்லும் வகையில் வடிவமைக்கப்பட்டது. எதிர்கால ஒரு கிகா எலக்ட்ரான்வோல்ட் முடுக்கியின் முதற்படியாக அது கருதப்படுகிறது. தொடர்வினை தானாக நீடிக்காத ‘பிரம்மா’ என்ற சிறிய ஆய்வு அமைப்பும் அங்கு இயங்கியுள்ளது. அமெரிக்காவின் ஃபெர்மி ஆய்வகத்தில் கட்டப்படும் 800 மெகா எலக்ட்ரான்வோல்ட் முடுக்கித் திட்டத்திலும் இந்திய நிறுவனங்கள் பங்காளிகளாக உள்ளன.

எனினும் ஸ்பாலேஷன் வினையை முழு அளவில் சோதிக்கக்கூடிய உயர் ஆற்றல் புரோட்டான் கற்றை இந்தியாவில் இல்லை. ‘பிரம்மா’ அமைப்புக்கு நியூட்ரான்களைத் தருவது சிறிய நியூட்ரான் ஜெனரேட்டர். அதன் நியூட்ரான்களின் ஆற்றல் 14 மெகா எலக்ட்ரான்வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். பல நூறு மெகா எலக்ட்ரான்வோல்ட் வரை நீளும் வால்பகுதியை அதில் காண இயலாது. எனவே இந்திய உலை வடிவமைப்புக் கணக்குகளின் நம்பகத்தன்மை, வேறு நாடுகளின் முடுக்கிகளில் நடந்த அளவீடுகளையும், அவற்றோடு மென்பொருள்கள் எவ்வளவு பொருந்தின என்பதையும் பெரிதும் சார்ந்துள்ளது.

பிற நாடுகளும் இதே பாதையில் உள்ளன. சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தில் 2006-ஆம் ஆண்டு திரவ ஈய-பிஸ்மத் இலக்கு சுமார் நான்கு மாதங்கள் வெற்றிகரமாக இயக்கப்பட்டது. பெல்ஜியத்தின் மோல் நகரில் 600 மெகா எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான்களால் இயங்கும் ‘மிர்ரா’ உலை திட்டமிடப்பட்டுள்ளது. சீனாவின் ஹுய்சோவில் 500 மெகா எலக்ட்ரான்வோல்ட் முடுக்கியுடன் இத்தகைய அமைப்பு அமைக்கப்பட்டு வருகிறது.

அங்கெல்லாம் கிடைக்கும் அளவீடுகள் இந்திய வடிவமைப்பாளர்களுக்கும் பயன்படும். ஆனால் மற்றோர் ஆற்றலில், மற்றோர் உலோகத்தில், மற்றோர் அளவுள்ள இலக்கில் பெற்ற பொருத்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. டங்ஸ்டனில் சரியாக இருந்த மென்பொருள் தோரியத்திலும் சரியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 800 மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் பொருந்தியது 1,600-இல் பொருந்தாமல் போகலாம்.

ஆகவே ‘கணிப்பும் அளவீடும் ஒத்துப்போகின்றன’ என்ற அறிவிப்பு வரும்போது மூன்று விவரங்கள் அதனுடன் இருக்க வேண்டும். ஒப்பிடப்பட்டது மொத்த எண்ணிக்கையா அல்லது ஒவ்வோர் ஆற்றல் பகுதியுமா? அளவீட்டு வளைகோடு கணிப்பின் உதவியின்றிப் பெறப்பட்டதா? இரண்டு பக்கப் பிழை எல்லைகளும் வெளிப்படையாகக் கூறப்பட்டுள்ளனவா? கடற்கரை மணலில் உள்ள தோரியம் இந்த வழியில் மின்சாரமாக மாற வேண்டுமானால், கவசச் சுவருக்குக் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே இம்மூன்றுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டும்.